வாசலில் நின்றவளைப் பற்றி நீ எழுதிய கட்டுரை

பெரும்புயல் வந்து காடாம்புலியூர்ப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு புரட்டிப் போட்டதே, அதற்கு அடுத்த வருஷம். கோடை வந்தும் பஸ்ஸுக்குள் பலாப்பழ வாசனை ஏறாத வருஷம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிலக்கரி மைன்ஸ் நகரியத்துக் குவார்ட்டர்ஸில் விளக்கு அணையாமல் எரிய, இந்தப் பக்கம் வடக்குத்து ஊரில் நாம் பொழுது சாய்ந்தாலே கரண்ட் போய் வாசலில் உட்கார்ந்திருந்த வருஷம். அதற்கு நம்பர் என்ன என்று எனக்குத் தெரியாது. நீ அந்த இங்கிலீஷ் கட்டுரை எழுதிய வருஷம் என்றுதான் நான் மனசில் வைத்திருக்கிறேன்.

இன்றைக்குக் காலையில் பம்பைக்காரர் வந்தார். மழைக்காற்றில் தோல் தொய்ந்துவிட்டது என்று தன் பம்பை மேளத்தை நம் வாசலில் வெயில் படும்படி சாய்த்து வைத்துவிட்டுத்தான் பேச உட்கார்ந்தார். சூடு ஏற ஏற அந்தத் தோலிலிருந்து ஒரு வாசனை கிளம்பியது. ஆட்டு வாசனையும் இல்லை, எண்ணெய் வாசனையும் இல்லை, இரண்டும் காய்ந்து கலந்தது. தெரு நாய்கள் அதை முகர்ந்துவிட்டுக் குரைத்தன. பெரியவன் கல்யாணத்துக்கு முன்னால் உன்னைக் கூப்பிடப் போனோமே, அன்றைக்கு அடித்த அதே வாசனை.

வருகிற வெள்ளிக்கிழமை உன்னை மறுபடியும் கூப்பிடப் போகிறோம். சின்னவனுக்குக் கல்யாணம். போன தடவை நீ வரவில்லை. வந்துவிட்டாய் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நான் பக்கத்தில் நின்றவன். நீ வரவில்லை. இந்தத் தடவையாவது வருவாயா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

எழுதுகிறவள் உன் பெரிய அண்ணன் பெண்டாட்டி. நீ பார்க்காதவள். நகரியத்தில் பிறந்தவள், அவள் அப்பாவுக்கு மைன்ஸில் பர்மனென்ட் வேலை, சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். நான் பேசப் பேச அவள் புத்தகத்தில் வருகிற மாதிரி மாற்றி எழுதிக்கொள்கிறாள். "மாமா, கொஞ்சம் மெதுவா" என்கிறாள். எனக்கு எழுதவும் தெரியாது, மெதுவாகப் பேசவும் தெரியாது.

அவளுக்கு நம் வழக்கம் பழகவில்லை என்பதால், உனக்குத் தெரிந்ததையே சொல்லவேண்டி இருக்கிறது. கல்யாணம் ஆகாமலே கண்ணை மூடிவிட்ட பெண்பிள்ளை அந்த வீட்டுக்குத் தெய்வம். பூவாடைக்காரி என்போம். வீட்டில் நல்லது நடக்கும் முன் தண்ணீர்க்கரைக்குப் போய், பம்பை அடித்து, பேர் சொல்லிக் கூப்பிட்டு, குடத்தில் அழைத்துவந்து, புதுப்புடவையும் பூவும் வைத்து, அவளுக்குப் பிடித்ததை எல்லாம் இலையில் படைக்க வேண்டும். கூப்பிட்டால் சோறு போடவேண்டும். சோறு போட முடியாத நாளில் பேரை எடுக்கவே கூடாது.

நம் பழைய ஊரில் அதற்கென்று ஒரு கிணறு இருந்தது. ஊரை மைன்ஸுக்கு எடுத்துக்கொண்டபோது நீ இடுப்பில் இருந்த குழந்தை. கதவு, நிலை, உத்தரம் என்று எல்லாவற்றையும் பிரித்து வண்டியில் ஏற்றினோம். கிணற்றை எப்படி ஏற்றுவது? பிற்பாடு மெஷின் மேல்மண்ணை வாரிக்கொண்டே அங்கே வந்து சேர்ந்தது. கிணறு இருந்த இடம் எது என்று கேட்டால் இப்போது காற்றைத்தான் காட்ட முடியும். கிணற்றின் அடியைவிட ஆழமாகச் சுற்றிலும் பள்ளம். இங்கே வந்து முதல் கல்யாணம் நிச்சயமானபோது எங்கே போய்க் கூப்பிடுவது என்று பெரியவர்கள் கூடிக்கூடிப் பேசினார்கள். ஒருவர் மட்டும் சொன்னார்: "கெணறுதானய்யா போச்சு, தண்ணி எங்க போச்சு? பம்பு வச்சி எறச்சி வாய்க்கால்லதான வுட்டுக்கினு இருக்கான்?" அதிலிருந்து மைன்ஸ் தண்ணீர் ஓடுகிற வாய்க்கால் கரைதான் நமக்கு. வேறு எந்த ஊரிலும் இப்படிச் செய்வதாக நான் கேட்டதில்லை.

சரி, கட்டுரைக்கு வருகிறேன்.

நீ எம்.ஏ. இங்கிலீஷ் இரண்டாவது வருஷம். நகரியத்து ஆர்ச் கேட்டில் பஸ் ஏறிக் காலேஜ் போய்வருவாய். ஒரு நாள் வந்தவள் தோளில் மாட்டிய பையை இறக்காமலே வாசலில் நின்று, "அப்பா, ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதணும்ப்பா" என்றாய்.

"ஆராய்ச்சின்னா, ராக்கெட்டா?" என்றாள் உங்கம்மா.

"இல்லம்மா. ஒரு கதையப் பத்தி."

"கதையப் பத்தி இன்னொரு கதையா? இதுக்கா தெனம் பஸ்ல நசுங்கிக்கினு போற?"

சிரித்தாலும் உன் முகத்தில் பயம் இருந்தது. ஒரு கதையைப் படித்து, அதைப் பற்றி நீயாக ஒன்று சொல்லி, அதற்குக் கதையிலிருந்தே சாட்சி காட்டி, மற்றவர்கள் எழுதியதையும் தேடிப் படித்து, யார் சொன்னது எது என்று ஒன்றுவிடாமல் குறிக்க வேண்டும். அது தேறினால்தான் நீ தேறுவாய். தேறினால்தான் மேலே படித்து டீச்சராகலாம். எழுதச் சொன்ன மேடம் ரொம்பக் கண்டிப்பு என்றாய். அந்த அம்மாவை நீ மேடம் என்றே சொல்வாய். நானும் அப்படியே சொல்கிறேன்.

கரண்ட் போன சாயங்காலங்களில் அந்தக் கதையை எங்களுக்குத் தமிழில் சொன்னாய். குளிர் தேசம். மலைகளுக்கு நடுவில் ஒரு பள்ளத்தாக்கு. பட்டணத்துக்குக் குடிதண்ணீர் வேண்டும் என்று அங்கே அணை கட்டி, ஊரைத் தண்ணீருக்கு அடியில் விட்டுவிட்டு, ஜனங்களை மேட்டில் குடிவைக்கிறார்கள். அதில் ஒரு தச்சன். அவன் தங்கை சின்ன வயதிலேயே, பழைய ஊரில், செத்துப்போனவள். மேட்டு வீட்டுக்கு வந்த பிறகு, பனிக்காலம் வந்தால் அவள் வந்து வாசலில் நிற்கிறாள். கதவைத் தட்டுவதில்லை. உள்ளே வருவதும் இல்லை. பனியில் காலடி பதிவதில்லை. தச்சன் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறான்.

"ஊரு போனதுக்கு மாத்து எடம் எவ்ளோ குடுத்தானாம்?" என்று நான் கேட்டேன்.

"அதெல்லாம் கதையில இல்லப்பா."

"அது இல்லாம என்னா கதை?"

"ஏண்டி, பனியில செருப்பு இல்லாம நிக்குதே அந்தப் பொண்ணு, சளி புடிக்காது?" என்று உங்கம்மா.

"செத்த பொண்ணுக்கு ஏதும்மா சளி!"

"தச்சன் பொண்டாட்டி ஒரு போர்வ குடுக்கக் கூடாதா, பாவி."

மேடம் கேட்டிருந்த கேள்வி இது: அவள் நிஜமாகவே வருகிறாளா, அல்லது தச்சன் மனசுக்குள் மட்டும் நிற்கிறாளா? ஒன்றைச் சொல்லி நிலைநாட்டு. நான் அப்போது காலைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தேன். மைன்ஸில் மண் கொண்டுபோகிற பெல்ட்டுக்கு அடியில் சிந்துவதை வாரிப் போடுகிற கான்ட்ராக்ட் வேலை. முழங்கால் வரை களிமண் காய்ந்து பிடித்திருக்கும். யோசித்துச் சொன்னதில்லை, வாயில் வந்ததைக் கேட்டேன். "அத யாராச்சும் கூப்புட்டாங்களா?"

"யாரப்பா?"

"அந்தப் பொண்ணத்தான். கூப்புடாம எப்படி உள்ள வரும்?"

நான் அத்தோடு மறந்துவிட்டேன். நீ அதைப் பிடித்துக்கொண்டு பூவாடைக்காரி, படையல், வாய்க்கால் என்று நம் வழக்கத்தை எல்லாம் எழுதிக்கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாய். மேடம் பக்கம் பக்கமாகச் சிவப்பு மையில் அடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வந்த வேகத்தில் அழுகையும் கோபமுமாக, "'உங்க வீட்டு வழக்கத்தக் கொண்டு போய்க் கதைக்குள்ள திணிக்காத, கதையில இருந்து எடுத்துக் காட்டு'ன்னுட்டாங்கப்பா" என்றாய்.

"அந்தம்மா சொல்றது ஞாயந்தான?" என்றேன்.

"நீங்களும் அவங்க பக்கமா? சாப்புட மாட்டேன் போங்க."

சாப்பிடத்தான் செய்தாய். மறுநாளிலிருந்து பென்சிலோடு அந்தப் புத்தகத்தை முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தாய். பஸ்ஸில் படித்தாய். உங்கம்மா அடுப்பு வெளிச்சத்தில் படித்தாய். கரண்ட் இல்லாத வீட்டில் ஓர் ஆள் எவ்வளவு படிக்க முடியும் என்று அப்போதுதான் பார்த்தேன். புத்தகத்தின் ஓரமெல்லாம் உன் பென்சில் கோடு. அப்படியே பங்குனி வந்துவிட்டது. ஒரு நாள் மாடு கத்துகிற மாதிரி ஒரு கத்துக் கத்தினாய். நானும் உங்கம்மாவும் பாம்புதான் என்று ஓடி வந்தோம்.

"அப்பா! அவ பேரு கதையில எங்கயுமே இல்லப்பா! அண்ணங்காரன் 'அவ'ன்றான். அம்மாக்காரி 'சின்னது'ன்றா. பக்கத்து வூட்டுக்காரன் 'ஒன் தங்கச்சி'ன்றான். கடைசிப் பக்கத்துலதான், உறைஞ்ச தண்ணி மேல நடந்து போயி, அண்ணன் அவ பேரச் சொல்றான். அதோட கதை முடிஞ்சிபோவுது. அதுவரைக்கும் படிக்கிற நமக்கே அவ பேரு தெரியாது!"

எனக்குப் பாதிதான் புரிந்தது. உன் கண் மின்னியது முழுக்கப் புரிந்தது. அவள் நிஜமா, மனசா என்பது கேள்வியே இல்லை. உள்ளே இருக்கிறவர்கள் பேரை எடுக்காததால்தான் அவள் வாசலில் நிற்கிறாள், வாசலில் அவளை நிறுத்திவைத்திருப்பது அவர்கள்தான் என்று நீ எழுதினாய். மேடம் படித்துவிட்டு, "இப்போ இது உன்னோட கட்டுரை" என்றாராம். அதைச் சொல்லும்போது உன் கன்னம் சிவந்திருந்தது. நம் வழக்கத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டலாம், ஆனால் 'எங்கள் ஊரில் இப்படி' என்று பொத்தாம்பொதுவாக எழுதக் கூடாது. யார் சொன்னது என்று, அவர்கள் சம்மதத்தோடு எழுது என்றும் சொல்லியிருந்தார்.

அதற்குப் பிறகு நீ பழைய ஊர்க்காரர்கள் வீடு வீடாகப் போனாய். எல்லோரும் வயசாளிகள். செத்த பெண்களைப் பற்றிப் பேச யாரும் வந்து கேட்டதில்லை என்பதால் நீ கேட்டதும் பிடித்துக்கொண்டார்கள். எருமைக்காரர் தன் மகளைப் பற்றிச் சொல்லி முடிக்கையில் உன் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை என்றாய். அவர்கள் தங்கள் பெண்களின் பேரையும் உன் காதோடு காதாகச் சொன்னார்கள். நீ அந்தப் பேர்களையும் கட்டுரையில் எழுதப் போவதாகச் சொன்னாய். நம் வீட்டுப் பூவாடைக்காரி பேரையும். அவள் எனக்கு அக்கா. உனக்குப் பெரிய அத்தை. பழைய ஊர்க் கிணற்றில் தண்ணீர் சேந்தப் போய்த் திரும்பாதவள்.

அப்போதுதான் என் தங்கை, உன் சின்ன அத்தை, சண்டைக்கு வந்தாள். அடுத்த தெருவில் இருந்து புடவையை வாரிச் சொருகிக்கொண்டு வந்தாள். முந்திரிக்கொட்டை உடைத்து உடைத்துக் கருத்துப்போன விரலை உன் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"எழுதுடி. எல்லாத்தையும் எழுது. பேர மட்டும் எழுதாத."

"ஏன் அத்தே?"

"எடுத்தா வந்துருவாளுங்க. வந்தா பசிக்கும். பசிச்சா, எடுத்தவளத்தான் கேப்பாளுங்க."

"இங்கிலீஷ்லதான எழுதறேன். அவங்களுக்குத் தெரியாது அத்தே."

"பேருக்கு ஏதுடி இங்கிலீஷு?"

உனக்குக் கோபம் வந்தது. "பேரே எடுக்காம வாசல்ல நிறுத்தி வச்சிருக்காங்கன்னு நா எழுதிட்டு, நானும் பேர ஒளிச்சி வச்சா அது பொய்க் கட்டுரை அத்தே" என்றாய். "பொய்யோ மெய்யோ, நீ உசுரோட இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். இருவரும் பேச்சை நிறுத்திக்கொண்டீர்கள். தண்ணீர்க் குழாயில் எதிரே பார்த்தால் ஒருத்தி குடத்தை எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவாள்.

அப்புறம் அவளேதான் வந்தாள். வாசப்படியில் நின்றுகொண்டு, உன்னைப் பார்க்காமல், என்னைப் பார்த்து உனக்குச் சொன்னாள்: "எழுதித் தொலைக்கச் சொல்லுண்ணா. அவ பேர எழுதட்டும், நா சோறாக்கறேன். காலேஜில குடுத்து முடிச்ச வெள்ளிக்கெழம எல விரிச்சிடுவோம். அவ பேரப் படிக்கட்டும், நா பரிமாறேன்."

நீ ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாய். அவள் உன்னைத் தள்ளிவிட்டு, "எவளுக்கு என்னா புடிக்கும்னு கேட்டியாடி? கேக்கலியா? அத வுட்டுட்டு வந்திருக்கா, பெரிய ஆராய்ச்சி!" என்றாள். திரும்பவும் நீ வீடு வீடாகப் போனாய். ஒருத்திக்குக் கருவாட்டுக் குழம்பு. ஒருத்திக்கு வேகவைத்த வேர்க்கடலை. எருமைக்காரர் மகளுக்குப் பாலில் போட்ட கொழுக்கட்டை. என் அக்காவுக்குப் பலாச்சுளை. புயல் அடித்த அடுத்த வருஷம் பலாச்சுளைக்கு எங்கே போவது? உன் அத்தை பண்ருட்டி வரைக்கும் போய், யார் வீட்டுக் கொல்லையிலோ சாயாமல் தப்பிய மரத்திலிருந்து கைக்குழந்தை அளவு ஒரு பலாக்காயைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தாள். அது பழுக்குமா என்று நீங்கள் இரண்டு பேரும் மாறி மாறித் தட்டிப் பார்த்தீர்கள்.

கட்டுரையை நகரியத்துக் கடையில்தான் டைப் அடித்தாய். அங்கேதான் கரண்ட் இருந்தது. கொண்டுவந்து என் மடியில் வைத்தாய். மேலே பளபளவென்று பிளாஸ்டிக் அட்டை. "இதுல எங்க இருக்கு எங்க அக்கா பேரு?" என்று கேட்டேன். என் விரலைப் பிடித்து ஒரு வரியின் மேல் வைத்தாய். வைத்ததும் விரலை எடுத்துக்கொண்டேன். மறுநாள் போய்க் கொடுத்துவிட்டு வந்தாய். வரும்போதே உடம்பு சுட்டது.

மேற்கொண்டு அதை நீட்டிச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அந்த வெள்ளிக்கிழமை நீ கண் திறக்கவில்லை. நானும் உங்கம்மாவும் உன் கட்டில் பக்கத்தில் இருந்தோம். உன் அத்தை இங்கே தனியாக இருந்து, சொன்ன சொல்லுக்கு எல்லாவற்றையும் ஆக்கியிருக்கிறாள். கருவாடு, கடலை, கொழுக்கட்டை, பலாச்சுளை. வரிசையாக இலை விரித்திருக்கிறாள். பேர் படிக்க நீ இல்லை. பேர்கள் கட்டுரையோடு காலேஜில் இருந்தன. அக்கா பேர் அவளுக்குத் தெரியும், வாய் வரவில்லையாம். "ஊமையாப் போட்டேண்ணா" என்று என்னிடம் பிறகு சொன்னாள். "எந்த எல யாருக்குன்னு சொல்ல ஆளு இல்லாம, சும்மா கற்பூரத்தக் கொளுத்திட்டு நின்னேன்." அங்கே பேர் இருந்தது, சோறு இல்லை. இங்கே சோறு இருந்தது, பேர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் நீ போய்விட்டாய்.

தெருவில் பேசினார்கள். "பேரெடுத்து வச்சா சும்மா வுடுமா" என்று காதில் விழும்படியே பேசினார்கள். நான்தான் சொன்னேனே என்று சொல்ல உரிமை உள்ளவள் உன் அத்தை ஒருத்திதான். அவள் இன்றுவரை அதைச் சொன்னதில்லை. டாக்டர் காய்ச்சல் என்றார். நானும் காய்ச்சல் என்றுதான் யார் கேட்டாலும் சொல்வேன். பகலில் அது எனக்கு உறுதி.

காரியம் முடிந்த பிறகு மேடம் வந்தார். நாற்காலி போட்டும் தரையில்தான் உட்கார்ந்தார். கட்டுரையை எடுத்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். பேர்கள் வருகிற இடத்தில் மூச்சை இழுத்துக்கொண்டார். அதற்குள் உன் அத்தை, "அது வாணாம்மா" என்றாள். மேடம் அந்த வரிகளைத் தாண்டிப் போனார். நீ தேறிவிட்டாய் என்றும் சொன்னார். உங்கம்மா, "எம் பொண்ணு பாஸுங்களா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். ஆமாம், ஆமாம் என்று அந்த அம்மாவும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அதன் பிறகுதான் நீ வர ஆரம்பித்தாய்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எழுதுகிறவள் இப்போது நிமிர்ந்து என்னைப் பார்க்கிறாள். நீ எழுதும்மா. பொழுது சாய்கிற நேரத்தில், கரண்ட் போகும் என்று நாம் வாசலுக்கு வருவோமே, அந்த நேரத்தில் வருகிறாய். தோளில் பை. அதை இறக்குவதில்லை. வாசல் படலுக்கு அந்தப் பக்கம் நிற்கிறாய். முகம் கோபமாக இல்லை, சந்தோஷமாகவும் இல்லை. ஏதோ கேட்க வந்தவள் மாதிரி இருக்கிறது. "வாம்மா" என்று சொல்ல வாயெடுப்பேன். ஆம்பிளை கூப்பிட்டால் செல்லாது என்பதும், உனக்குப் போட அடுப்பில் ஒன்றும் இல்லை என்பதும் ஞாபகம் வரும். வாயை மூடிக்கொள்வேன். கரண்ட் ஒழுங்காக வர ஆரம்பித்து, தெரு விளக்கெல்லாம் வெள்ளையாக மாறிய பிறகும் வருகிறாய். விளக்குப் போட்டால் போய்விடும் என்பார்கள். நீ விளக்குக்குக் கீழேயே நிற்கிறாய்.

நிஜமா, என் மனசா? இந்தக் கேள்வியே தப்பு என்று எழுதி நீ பாஸானவள். நான் என்ன செய்ய? நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

பெரியவன் கல்யாணத்துக்கு முன்னால் உன்னை வீட்டில் சேர்த்துக்கொள்ளலாம் என்றுதான் வாய்க்காலுக்குப் போனோம். உங்கம்மா கூப்பிட வேண்டும். புதுக்குடம், மஞ்சள் புடவை, பூ எல்லாம் வைத்தாயிற்று. பம்பை அதிர ஆரம்பித்தது. உங்கம்மா வாயைத் திறந்தாள். "அம்மாடி" என்றாள். பம்பைக்காரர், "பேரச் சொல்லுங்கம்மா, பேரச் சொல்லுங்க" என்றார். மறுபடியும் "அம்மாடி, அம்மாடி" என்றுதான் வந்தது. யார் மேலாவது அருள் வரும் என்று காத்திருந்தோம். யாரும் அசையவில்லை. தண்ணீர் பாட்டுக்குக் கறுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. பம்பைக்காரருக்கு அன்று இன்னோர் ஊரிலும் வேலை. வானத்தைப் பார்த்தார், பிறகு, "வந்துட்டா, வந்துட்டா, கொடத்தத் தூக்குங்க" என்றார். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தோம். குடம் வீட்டுக்குள் போயிற்று. நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். நீ படலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டிருந்தாய்.

உங்கம்மாவும் கொரோனா வந்த வருஷத்தில் போய்விட்டாள். சாகும்வரை உன் பேர் அவள் வாயில் வந்ததில்லை. உன்னிடம் பேர் சொன்ன எருமைக்காரர் போனார். தெற்குத் தெருக் கிழவி போனாள். ஒவ்வொரு பிணத்துக்குப் பின்னாலும் நடந்து போகும்போது, இவர்களும் போனால் அந்தப் பெண்கள் பேர் உன் கட்டுரையில் மட்டும்தான் மிஞ்சும் என்று நினைத்துக்கொள்வேன். கட்டுரை இருக்கிறது. பீரோவில் மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருக்கிறோம். அதில் உன் பேர் முதல் பக்கத்திலேயே இருக்கிறதாம். எழுதியவள் பேர் இல்லாமல் இருக்குமா?

இன்றைக்குக் காலையில் பம்பைக்காரர் எல்லாம் பேசி முடித்துவிட்டு, மேளத்தைத் தோளில் மாட்டும்போது கேட்டார்: "சரிங்க பெரியவரே, கூப்புடப் போறது யாரு?"

கூப்பிடுகிறவள் வீட்டுப் பெண்ணாக இருக்க வேண்டும். உன்னைவிட மூத்தவளாக இருக்க வேண்டும். உன் முகத்தை உயிரோடு பார்த்தவளாக இருக்க வேண்டும். இவள், எழுதுகிறவள், "நான் கூப்பிடலாமா மாமா?" என்று கேட்டாள். நல்ல பெண். "ஒன்ன அவளுக்குத் தெரியாதேம்மா" என்றேன்.

உன் அத்தை சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு கல்யாண அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முந்திரிக்கொட்டைக் கறுப்பு விரலிலிருந்து இன்னும் போகவில்லை. முழங்கால் மடங்குவதில்லை; பல்லும் பாதிக்கு மேல் இல்லை. இத்தனை வருஷத்தில் எந்த வீட்டுப் பூவாடைக்காரியையும் அவள் கூப்பிட்டதில்லை. கூப்பிடுகிற இடத்தில் பின்னால் போய் நின்றுகொள்வாள். பம்பைக்காரர் போய் வெகுநேரம் கழித்து, முறத்திலிருந்து தலையை எடுக்காமலே கேட்டாள்:

"ஏண்ணா, வாய்க்கா வரைக்கும் என்ன யாரு தூக்கிக்கினு போறது?"

"ஆட்டோ வச்சிக்கலாம்" என்றேன்.

"நா கூப்புட்டா வருவாளா? எங்கூட மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினு திரிஞ்சவ."

"கூப்புட்டுப் பாரேன்."

"வராட்டி?"

அவள் முறத்தைத் தட்டினாள். "பேர எடுக்கறவதான் சோறும் ஆக்குவா, ஆமா. ஒம் மருமவ கையில அடுப்ப வுடமாட்டேன். திருநெல்வேலிக் கொழம்புக்கு எவ வருவா?"

"அத்தை, இதையும் எழுதிடுவேன்" என்றாள் இவள்.

"எழுதிக்கோ. எனக்கென்னா படிக்கவா தெரியும்?"

சிரித்தோம். இந்த வீட்டில் உன்னைப் பற்றிப் பேசிச் சிரித்தது உன் காலத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. சிரித்து முடித்ததும் அவள் என்னைப் பார்த்துச் சின்னக் குரலில், "வாசல்ல நிக்கறாண்ணா அவ. எனக்கும் தெரியும்" என்றாள். எப்போதிலிருந்து என்று நான் கேட்கவில்லை. அரிசியில் கல் இருக்கிறதா என்று திரும்பக் குனிந்துகொண்டாள்.

அதனால், வெள்ளிக்கிழமை பொழுது இறங்கும்போது வாய்க்கால் கரைக்கு வந்துவிடு. உங்கம்மா குரல் கேட்கும் என்று காத்துக்கொண்டு நிற்காதே. உனக்குச் சாட்சி சொன்ன பழைய ஊர்க்காரர்கள் யாரும் அங்கே இருக்கமாட்டார்கள். எல்லோரும் போய்ச் சேர்ந்தாயிற்று. நான் தள்ளித்தான் நிற்பேன், வாய் திறக்கமாட்டேன். கேட்கிற குரல் கரகரவென்று இருக்கும், பல் போன வாயிலிருந்து காற்றும் கலந்து வரும், முதலில் உனக்கு அடையாளம் தெரியாமல் போகலாம். ஆனால் பேரை முழுசாகச் சொல்வாள். அவள் ஒன்றைச் சொல்வேன் என்றால் சொல்கிறவள். உன் முகத்தைப் பார்த்த, உன்னோடு சண்டை போட்ட, உன்னைக் கூப்பிட உரிமை உள்ள பெண்களில் இன்னும் உயிரோடு இருப்பவள் அவள் ஒருத்திதான். உன் அத்தை, அஞ்சலை.